ஒசாகாவிலிருந்து கியோட்டோ: நவம்பர் கடைசியில் ஜோடியாக ஒரு பகல் – இந்தத் திட்டம் தேறுமா?

உமேதா_வாசி கேட்டது:

வணக்கம். நவம்பர் 22 அன்று மனைவியோடு ஒசாகாவிலிருந்து கியோட்டோ போய், இரவே திரும்ப வேண்டும். இந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. 11-ஐ 'ஈ' என்றும் 22-ஐ 'ஃபூஃபூ' என்றும் படித்தால் 'நல்ல தம்பதி' என்று பொருள் வருவதால், இங்கே அதைத் தம்பதியர் நாளாகச் சொல்கிறார்கள்.

போட்டு வைத்திருப்பது இது: காலை 9 மணிக்கு அராஷியாமா மூங்கில் தோப்பு, அங்கிருந்து பஸ்ஸில் கின்ககுஜி, மதியம் ஃபுஷிமி இனாரி, அடுத்து தோஃபுகுஜி என்று மூன்று கோயில்கள். மாலையில் கிமோனோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு கியோமிசு கோயில். இரவு எய்கான்தோ கோயிலில் விளக்கலங்காரம், பிறகு கியோன் பகுதியில் சாப்பாடு.

இது ஒரு நாளில் முடியுமா? அந்தத் தேதியில் மேப்பிள் இலை சிவந்திருக்குமா? மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கிமோனோ செலவுக்குத் தகுந்ததா? இருவருக்கும் சேர்த்து 25,000 யென் வரை போகலாம். பத்து கிலோமீட்டர் நடப்பதில் சிரமம் இல்லை.

ரயில்வண்டு:

தேறாது. அராஷியாமா நகரின் மேற்கு ஓரம், கின்ககுஜி வடமேற்கு, இனாரி தென்கிழக்கு, எய்கான்தோ கிழக்கு மலையடி. பகலில் பாதி பஸ் நிறுத்தத்திலேயே போய்விடும். நவம்பர் கடைசியில் ஹிகாஷியோஜி சாலையில் பஸ் ஊர்ந்துதான் போகும், நடந்து போகிறவர்கள் அதை முந்திவிடுவார்கள். பழைய பஸ் ஒரு நாள் பாஸை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் அதுவும் இப்போது இல்லை. 2023 செப்டம்பரோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்த 1,100 யென் பாஸ் இருக்கிறது, ஆனால் கீழே சொல்லும் வழிக்கு அது தேவைப்படாது.

இன்னொன்று, அந்த வாரத்தில் சூரியன் மாலை 4:47 வாக்கில் மறைந்துவிடும். பிற்பகல் 3 மணிக்கே மலையடியில் குளிர் ஏறும். ஐந்து மணிக்குக் கியோமிசு என்றால் இருட்டில்தான் போய்ச் சேருவீர்கள்.

தேதியைப் பற்றி: 23 தேசிய விடுமுறை, அதை ஒட்டிய 22-ல் ஜப்பானே அங்கேதான் நிற்கும். அதற்கடுத்த செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றை எடுங்கள். நிறமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மேப்பிள் சிவக்கத் தொடங்குகிறது. சமீப வருடங்களில் வெயில் காலம் நீள்வதால் உச்சம் தள்ளிப்போய், கிழக்கு மலையடியில் நவம்பர் 25-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் முதல் சில நாள் வரை நீடிக்கிறது. தகாவோ போன்ற மலைப்பகுதி இரண்டு வாரம் முந்தும், ஷிமொகாமோ கோயில் காடு ஒரு வாரம் பிந்தும். தேதியை மாற்ற முடியாதென்றால் இடத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

என் யோசனை, கிழக்கு மலையடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸே வேண்டாம்.

ஒசாகாவில் 6:45-க்குள் ஜே.ஆர். நிறுவனத்தின் ஷின்-கைசோகு விரைவு ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கியோட்டோ நிலையம். கட்டணம் 580 யென். அங்கே கராசுமா சுரங்க ரயில், கராசுமா-ஓய்கேயில் தோசாய் தடத்துக்கு மாறி கேஅகே. அது 260 யென். கேஅகேயில் வெளியே வந்ததும் செங்கல் சுவர் முறுக்கினாற்போல் கட்டிய சின்னச் சுரங்கவழி இருக்கும், பெயர் நெஜிரிமான்போ. அதற்குள் புகுந்து பத்து நிமிடம் நடந்தால் நன்சென்ஜி. வளாகத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பிவா ஏரித் தண்ணீரைக் கொண்டுவர 1888-ல் எழுப்பிய செங்கல் நீர்ப்பாலம் கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. எட்டு மணிக்கு முன்னால் அதன் வளைவுகளுக்குள் நீங்கள் இருவர் மட்டும் நின்று படம் எடுக்கலாம். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜோடி வரிசையில் நிற்கும்.

8:30-க்கு எய்கான்தோ வாசல் வரிசை. 9 மணிக்குத் திறப்பார்கள், இலையுதிர் காலக் கட்டணம் 1,000 யென், ரொக்கமாக வைத்திருங்கள். உள்ளே போனதும் எல்லோரும் குளத்தருகே நின்றுவிடுவார்கள். நீங்கள் நேராகக் கட்டடத்துக்குள் போய் திரும்பிப் பார்க்கும் அமிதாப புத்தரை முதலில் பார்த்துவிடுங்கள். 77 செ.மீ. உயரச் சிலை, முகம் இடது தோளுக்கு மேலாகத் திரும்பியிருக்கும். 1082-ல் யோகான் என்ற துறவி நாமம் சொல்லிச் சுற்றி வரும்போது புத்தரே பீடத்தைவிட்டு இறங்கி முன்னே நடந்தாராம். இவர் திகைத்து நின்றதும், அவர் திரும்பி 'யோகான், ஏன் பிந்துகிறாய்' என்றாராம். பக்கவாட்டில் நின்றால்தான் முகம் தெரியும். ஜோடியாகப் போகிறவர்கள் இதைத் தவறவிட்டுக் குளத்தையே படமெடுத்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

காலை வெளிச்சம் பற்றி ஓர் எச்சரிக்கை. மலை கிழக்கே இருப்பதால் இந்தக் கோயில்களில் பத்து மணி வரை நிழல்தான். எனவே குளத்தையும் மேலே உள்ள தாஹோதோ கோபுரத்தையும் 9:45-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மலை முகட்டுக்கு மேல் வரும் வெயில் இலைக்குப் பின்புறமிருந்து விழும்போது நிறம் இரட்டிப்பாகும்.

10:30-க்கு வெளியே வந்து, மறுபடி நன்சென்ஜி. 1628-ல் கட்டிய சன்மோன் வாயில் மாடி ஏற 600 யென். படி ஏணி மாதிரி செங்குத்து, கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். 11 மணிக்கு அங்கேயே பக்கத்தில் யுதோஃபு (வெந்நீரில் சூடாக்கிய தோஃபு) சாப்பாடு, முன்பதிவோடு.

பகல் 12:30 முதல் 3:30 வரை, அதாவது கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பெரிய கோயில் எதிலும் கால் வைக்க வேண்டாம். அங்கிருந்து வடமேற்கே அரை மணி நேர நடையில் ஷின்யோதோவும் குரோதானியும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. இரண்டிலும் வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. ஷின்யோதோவில் மூன்றடுக்குக் கோபுரத்தை முன்னால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மூலக் கட்டடத்தின் பின்பக்கம்தான் மேப்பிள் அடர்த்தி. குரோதானிக் கல்லறைப் படியில் தலைமுடி பெரிய பந்துபோல் வளர்ந்த கல் அமிதாபர் ஒருவர் இருக்கிறார். ஐந்து கல்ப காலம் தவத்தில் இருந்ததால் முடி அப்படி வளர்ந்துவிட்டதாம். படி உச்சியில் நின்றால் மேற்கே ஊர் முழுக்கத் தெரியும்.

4 மணிக்கு ஓகசாகி வழியாக இறங்கி ஹிகாஷியாமா நிலையத்தருகே ஷிரகாவா ஓடைக்கு வந்துவிடுங்கள். இப்போன்பாஷி என்ற கல் பாலம், அகலம் 60 செ.மீ.தான், கைப்பிடி கிடையாது. கைகோத்துப் போக முடியாது, ஒருவர் பின் ஒருவர்தான். அங்கிருந்து ஓடையோரமாக சியோன்-இன், மருயாமா பூங்கா வழியே அரை மணிக்குள் கோதாய்ஜி. ஜப்பானை ஒன்றுபடுத்திய தளபதி ஹிதெயோஷி இறந்தபின் அவர் மனைவி நெனெ கணவன் நினைவாக 1606-ல் எழுப்பிய கோயில் அது, அவரும் அங்கேயேதான் அடக்கமாகியிருக்கிறார். உங்கள் 'ஃபூஃபூ' நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

விளக்கு 5 மணிக்கு, கட்டணம் 600 யென். 5:15 வரை வானில் நீலம் மிச்சமிருக்கும். அதற்குள் உள்ளே போனால் குளத்தில் இலையும் வானமும் சேர்ந்து விழும். அந்த நேரம் தவறினால் அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கு மேல் போங்கள், 5:30 முதல் 7 வரை உள்ள வரிசைதான் மோசம். முக்காலி அனுமதி இல்லை.

செம்பருத்தி_ஒபி:

வழி நல்லா இருக்கு, ஆனா கிமோனோவை அப்படியே விட்டுட்டீங்களே. :) அதை மட்டும் நான் சொல்றேன்.

காலைத் திட்டத்தோட கிமோனோ ஒத்து வராது. கடைகள் பெரும்பாலும் 9 மணிக்குத்தான் திறக்கும், கட்டிவிட முக்கால் மணி, தலை அலங்காரம் சேர்த்தா ஒரு மணி நேரம். எய்கான்தோ காலை அமைதி போயிடும். அதனால மதியச் சாப்பாடு முடிச்சு 1 மணிக்குக் கியோன் பக்கம் கட்டிக்கிட்டு, குரோதானியை விட்டுடுங்க. யசகா கோபுரம், நினென்சகா, நெனெ தெரு, மருயாமா. இந்த வட்டம் மூணு மணி நேரத்துக்குச் சரியா இருக்கும். 5 அல்லது 5:30-க்குள்ள திருப்பிக் கொடுக்கணும், கடை கடைக்கு மாறும், பதிவு செய்யும்போதே கேட்டுடுங்க. மறுநாள் திருப்பும் வசதி வெளியூர்க்காரங்களுக்கு உதவாது. கொடுத்துட்டுச் சொந்தக் கோட்டுல கோதாய்ஜி போனா இரவுக் குளிருக்கும் நிம்மதி.

ஆளுக்கு 4,000 முதல் 6,000 யென், தலை அலங்காரம் தனி. சாப்பிட்ட உடனே ஒபி (இடுப்புப் பட்டை) கட்டினா மூச்சு முட்டும், ஒரு மணி நேரமாவது விடுங்க. உள்ளே கழுத்து இறங்கின பனியன் போடுங்க, பின்கழுத்து இறக்கித்தான் கட்டுவாங்க, வட்டக் கழுத்து வெளியே தெரியும். கீழே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் லெகிங்ஸ் போதும். செருப்பு வார் கட்டைவிரல் இடுக்குல அறுக்கும், புண்ணாகறதுக்கு முன்னாடியே பேண்ட்-எய்ட் ஒட்டிடுங்க. வலிச்ச பிறகு ஒட்டினா பிரயோஜனம் இல்ல.

எல்லாரும் கேக்கத் தயங்குற விஷயம், கழிப்பறை. வெஸ்டர்ன் கழிப்பறையையே தேடுங்க. மேல் துணியை முதல்ல, உள் துணியை அப்புறம், ஒவ்வொரு அடுக்கா மேல தூக்கி ஒபி மேல துணி கிளிப்பால மாட்டிக்கணும். ரெண்டு கிளிப் கைப்பையில இருக்கட்டும். மொத்தமா அள்ளித் தூக்கினா முன்மடிப்பு கலைஞ்சிடும். கலைஞ்சதைச் சரி பண்ணும்போது இடப்பக்கத் துணிதான் மேல வரணும். வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்குக் கட்டற முறை.

ஆண்களுக்கு: பெண்கள் கிமோனோவை இடுப்புல மடிச்சு உயரம் சரி பண்ணலாம், ஆண்கள் கிமோனோல அந்த மடிப்பே கிடையாது. நீங்க 180 செ.மீ.க்கு மேலன்னா அளவு இருக்கான்னு முன்னாடியே கேளுங்க, இல்லேன்னா கணுக்கால் தெரிய நிப்பீங்க.

கியோன்ல சந்துக்குள்ள படமெடுக்கப் போகாதீங்க. தனியார் சந்துகள்ல நுழைஞ்சா 10,000 யென் அபராதம்னு பலகை இருக்கு. அப்புறம் வரைபடத்துல பக்கத்துலயே இருக்கேன்னு யசுயி கொன்பிராகூவுக்குப் போயிடாதீங்க, அது உறவை அறுக்க வேண்டிக்கிற கோயில்! நல்ல உறவை முடிபோடவும் வேண்டுவாங்கதான், ஆனாலும் ஜோடியா எதுக்கு வம்பு.

கியோட்டோ_மாமி:

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே 'காய்கறி' என்று எழுதியிருப்பதற்கும் சைவத்துக்கும் சம்பந்தமில்லை. காரணம் தாஷி என்ற அடிநீர். உடோன், சோபா நூடுல்ஸ், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், வேகவைத்த காய், எல்லாவற்றுக்கும் அடிநீர் கத்சுஓ என்ற உலர் மீன் சீவலில்தான். மசாலாக் குழம்பில் வரும் 'கறி உடோனிலும்' அதே, கடையில் விற்கும் அந்த மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மிருகக் கொழுப்பு. இனிப்புத் தோஃபுப் பைக்குள் சோறு வைத்த இனாரி சுஷி பார்க்கச் சைவம், ஆனால் அந்தப் பையையே தாஷியில்தான் வேகவைக்கிறார்கள்.

யுதோஃபுவிலும் ஒரு கண்ணி உண்டு. பானையில் இருப்பது பெரும்பாலும் கொன்பு கடற்பாசி போட்ட வெந்நீர்தான், அது சரி. தொட்டுக்கொள்ளும் கிண்ணத்துச் சாற்றில்தான் மீன் இருக்கும். பொன்சு என்ற புளிப்புச் சோயா சாஸிலும் பல சமயம் இருக்கும். அதற்குப் பதில் வெறும் சோயா சாஸ், 'கிஜோயு' என்று கேளுங்கள், அதோடு இஞ்சித் துருவல். கூட வரும் தெம்புராவில் (மாவில் தோய்த்துப் பொரித்த காய்) அந்த மாவில் முட்டை இருக்கலாம், அதை முன்பதிவின்போதே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். எள்ளுத் தோஃபுவும் மிசோ தடவிச் சுட்ட தெங்காகுவும் பெரும்பாலும் பாதகமில்லை, ஆனால் தெங்காகு மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒவ்வொன்றாய் விசாரிக்கச் சலிப்பாக இருந்தால் ஷோஜின் ரியோரி என்ற கோயில் சமையலுக்குப் போய்விடுங்கள். அதில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அதற்கும் சில நாள் முன்னரே பதிவு வேண்டும்.

இதைத் தாளில் எழுதி நீட்டுவதைவிட வாயால் சொல்வது நல்லது: 'நிகு மோ சகானா மோ தமாகோ மோ தாபெமாசென். கத்சுஓ தாஷி மோ தாமெ தெசு.' மாமிசம், மீன், முட்டை சாப்பிடுவதில்லை, கத்சுஓ தாஷியும் கூடாது என்று பொருள். கடைசி வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் 'மீன் இல்லை' என்று சிரித்த முகத்தோடு மீன் சாற்றில் செய்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்று இல்லை, அவர்கள் கணக்கில் தாஷி மீனே இல்லை.

பைக்குள் புளியோதரைப் பொட்டலம் ஒன்று இருந்தால் எதற்கும் பயமில்லை. ஆனால் கோயில் வளாகத்துக்குள் பிரிக்காதீர்கள், ஓகசாகிப் பூங்கா பெஞ்ச் சரியான இடம். இனிப்பில் நாமா யத்சுஹாஷி அரிசி மாவும் பட்டையும் சிவப்புப் பயறும்தான், தாராளமாக வாங்கலாம். ஜெல்லி மாதிரி இருப்பதில் 'கன்தென்' என்றால் கடற்பாசி, ஜெலட்டின் என்றால் வேண்டாம்.

உமேதா_வாசி:

எல்லோருக்கும் நன்றி, மாமிக்குத் தனியாக. தேதியைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். தோஃபுகுஜியை விட மனசு வரவில்லை, எய்கான்தோவுக்குப் பதில் அதை வைக்கலாமா? மழை பெய்தால்?

மூன்றாம்_தடம்:

வைக்கலாம், ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து வையுங்கள். தோஃபுகுஜியில் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டாயிரம் மேப்பிள், அந்த அகலக் காட்சி எய்கான்தோவில் கிடையாது. ஆனால் கூட்டம் மிகும் நாட்களில் த்சூதென்கியோ பாலத்தின் மேல் நின்று படமெடுக்கத் தடை. நின்று ரசிக்கவும் விடாமல் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். முன்னொரு காலத்தில் செர்ரி மரங்கள் இருந்தால் கோயில் கேளிக்கைத் திடலாகிவிடும் என்று மின்சோ என்ற ஓவியத் துறவி ஷோகனிடம் (அன்றைய ராணுவ ஆட்சியாளர்) சொல்லி அவற்றை வெட்டவைத்ததாகக் கோயில் வரலாறு. மிச்சமிருந்த மேப்பிளுக்கு இன்று வரும் கூட்டத்தை அவர் பார்க்கவில்லை.

போவதென்றால்: கியோட்டோ நிலையத்தில் நாரா தடம், ஒரே நிறுத்தம், பிறகு பத்து நிமிட நடை. பருவத்தில் 8:30-க்குத் திறப்பார்கள், 8 மணிக்கு நில்லுங்கள். பாலமும் ஹோஜோ (தலைமைத் துறவியின் இல்லம்) தோட்டமும் தனித்தனிச் சீட்டு. கூட்டம் பாலத்தில் இருக்க, 1939-ல் தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரெய் அமைத்த ஹோஜோவின் பாசிக் கட்டத் தோட்டம் ஓரளவு காலியாகவே இருக்கும். பத்து மணிக்குக் கெய்ஹான் ரயிலில் தோஃபுகுஜியிலிருந்து சன்ஜோ, அங்கே சுரங்க ரயில் மாறி இரண்டாவது நிறுத்தம் கேஅகே. அங்கிருந்து ரயில்வண்டு சொன்ன வழியைச் சன்மோனில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு கோயிலையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள். எய்கான்தோவை இரவுக்குத் தள்ளினால், பகலில் வந்தவர்களை 5 மணிக்கு வெளியேற்றிவிட்டு 5:30-க்குத் தனிச் சீட்டில்தான் விடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

தூறலுக்குப் பயந்து ரத்து செய்ய வேண்டாம். நனைந்த மரப்பட்டை கறுப்பாகிவிடுவதால் சிவப்பு தூக்கலாகத் தெரியும், கூட்டமும் பாதியாகும். விளக்கலங்காரம் தூறலில் நடக்கும். காற்றுதான் எதிரி, ஒரே இரவில் மரத்தை உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்தால் ஷின்யோதோவுக்குப் போங்கள், தரையில் கிடக்கும் சிவப்பைப் பார்க்கவே அங்கே ஆட்கள் வருவார்கள். மழையில் கிமோனோ மட்டும் வேண்டாம். நினென்சகா, சன்னென்சகா கற்படிகள் வழுக்கும். சன்னென்சகாவில் விழுந்தால் மூன்று வருடத்தில் ஆயுள் முடியும் என்றொரு நம்பிக்கை வேறு, அதற்குப் பரிகாரமாகச் சுரைக்குடுவை விற்கும் கடையும் அங்கேயே இருக்கிறது.

எளிதில் கழற்றும் காலணி, ஓட்டையில்லாத தடித்த சாக்ஸ். மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும். காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஒரு பிளாஸ்டிக் பை.

திரும்பும் ரயில்: கியோன்-ஷிஜோ நிலையத்தில் கெய்ஹான் ரயில் ஏறாதீர்கள். அந்த ரயில் தெமாச்சியனகியில் புறப்படுவதால் இங்கே வரும்போதே இருக்கை நிரம்பியிருக்கும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் ஹன்க்யூ ரயில் நிறுவனத்தின் கியோட்டோ-கவாரமாச்சி, அது தொடக்க நிலையம். ஒரு ரயிலை விட்டு அடுத்ததற்கு வரிசையில் முதலில் நின்றால் இருவர் இருக்கையில் சேர்ந்தே உட்காரலாம், 410 யென்னில் நேராக உமேதா. உங்கள் வீட்டுப் பக்கம்தானே.

ரயில்வண்டு:

கணக்கு: என் வழியில் ஆளுக்கு ரயில் எல்லாம் சேர்த்து 1,250 யென், கோயில் கட்டணம் 2,200. இருவருக்கு 6,900. யுதோஃபு ஆளுக்கு 3,500 என்று வைத்தால் 7,000. 25,000-ல் மீதி 11,100. கிமோனோவை ஆளுக்கு 4,500-க்குள் முடித்தால் இரவு மச்சா தேநீருக்கும் கைச்செலவுக்கும் 2,000 மிஞ்சும். கட்டணங்கள் வருடத்துக்கு வருடம் ஏறுவதால் ரொக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். 100 யென் நாணயம் பத்தாவது மாற்றி வையுங்கள், காசு லாக்கருக்கு.

உமேதா_வாசி:

யுதோஃபு 11 மணிக்குப் பதிவாகிவிட்டது. 'கத்சுஓ தாஷி மோ தாமெ' சொன்னதும் எதிர்முனையில் ஒரு நிமிடம் மௌனம், பிறகு கிஜோயு தருகிறோம் என்றார்கள்.

கியோட்டோ_மாமி:

அந்த மௌனம் நல்ல சகுனம். உள்ளே போய்ச் சமையற்காரரைக் கேட்டிருக்கிறார்கள். போன உடனே இன்னொரு தரம் சொல்லிவிடுங்கள்.